நிலாவரைக் கிணறும் அனுமான நெறியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாது ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரிகாலத்தில் மாத்திரம் நீர் கொள்ளும் வழுக்கியாற்றை ஒழித்தால், பெய்யும் மழையைச் சுமந்து செல்லும் வாய்க்காலும் இந்நிலத்தில் அரிதே. நிலத்தின் அடியிற் கிடப்பது சுண்ணாம்புக்கல். அது வெடிப்புகளும் புழைகளும் குகைகளும் உடையது. மேல்விழும் நீரை விரைந்து உள்வாங்கிக்கொள்வது. ஆதலின் இந்நாட்டு மக்கள் ஆற்றை நம்பி வாழ்ந்தாரல்லர். கிணற்றை நம்பியே வாழ்ந்தனர். துலா மிதித்துப் பட்டையால் நீரிறைத்துப் புகையிலையும் வெங்காயமும் விளைவித்த உழவர் பரம்பரைக்குக் கிணறு என்பது வீட்டின் ஓர் உறுப்பன்று; வாழ்வின் வேர்.

அத்தகைய கிணறுகள் பலவற்றுள்ளும் தனிப்புகழ் பெற்றது, புத்தூரை அடுத்த நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணறு. அது மனிதர் தோண்டிய கிணறன்று. சுண்ணாம்புப் பாறை நீரால் அரிக்கப்பட்டு, கூரை இடிந்து வீழ்ந்தமையால் இயற்கையில் உண்டான பெரும் பள்ளம். நிலவறை என்னும் சொல்லே நிலாவரை எனத் திரிந்தது என்று கூறுவாரும் உளர். இலங்கைக்குப் படையொடு வந்த இராமபிரான், வானரர்களின் தாகந் தீர்க்க அம்பு எய்து உண்டாக்கிய ஊற்று இது என்பது வழிவழி வந்த கதை.

இக்கிணற்றைப் பற்றி மூன்று முடிபுகள் நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளன. இதற்கு அடி இல்லை என்பது ஒன்று. இங்கிருந்து கீரிமலைக்கு நிலத்தடி வழி உண்டு என்பது மற்றொன்று. எத்துணை இறைப்பினும் இது வற்றாது என்பது மூன்றாவது. இம்முடிபுகள் மெய்யோ பொய்யோ என்று உடனே வினவுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. இவற்றைக் கூறியோர் எதனைக் கண்டனர், கண்டதிலிருந்து கூறியது பெறப்படுமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது. முன்னது கிணற்றைப் பற்றிய வினா. பின்னது நம் அறிவைப் பற்றிய வினா. பின்னதைத் தீர்க்காமல் முன்னதைத் தீர்த்தல் இயலாது.

இவ்வாராய்ச்சிக்கு வேண்டிய கருவியைத் தேடி நாம் வேற்றுநாடு செல்ல வேண்டியதில்லை. மணிமேகலையின் 27 ஆம் காதையில் அளவைவாதி பத்து வகை அளவைகளை எடுத்துரைக்கின்றான். 29 ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்க நெறியை உபதேசிக்கின்றார். அங்கே பக்கம், ஏது, திட்டாந்தம் என்னும் உறுப்புகள் விளக்கப்படுதலோடு, அவை பிழைபடும் வகைகளும் எண்ணிக் காட்டப்படுகின்றன: பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10, ஆக 33. சரியாக எண்ணும் வழியைக் கூறிய அளவில் நில்லாது, பிழையாக எண்ணும் வழிகளையும் வகுத்துக் காட்டிய அந்நூலின் சிறப்பை நாம் போதிய அளவு உணர்ந்தோமில்லை. சைவ சித்தாந்தியாகிய அருணந்தி சிவாசாரியரும் சிவஞான சித்தியாரில் பொருளை ஆராயப் புகுமுன் அளவையை ஆராய்ந்து, காண்டல், கருதல், உரை என்னும் மூன்றினுள் ஏனையவற்றை அடக்கினார். அளவுகோல் செவ்வையாக இல்லாதவன் துணியை அளத்தல் எவ்வாறு?

இனி முதல் முடிபை எடுத்துக்கொள்வோம். முன்னோர் கயிற்றிற் கல்லைக் கட்டி இறக்கினர், அடி தட்டுப்படவில்லை. ஆகவே அடி இல்லை என்றனர். இங்கே காணப்பட்டது யாது? கயிறு முடிந்தது, அடி தட்டவில்லை. இவ்வளவே. இதிலிருந்து பெறப்படுவது, கிணற்றின் ஆழம் கயிற்றின் நீளத்தினும் மிகுதி என்பது மாத்திரமே. அடியின்மை அதிலிருந்து பெறப்படாது.

ஒன்றைக் காணாமையால் அஃது இல்லை எனத் துணிதலை நம் தருக்க நூலார் அபாவம் என்னும் அளவையாகப் பேசினர். ஆனால், அதற்கு ஒரு நிபந்தனையும் விதித்தனர். அப்பொருள் இருந்திருப்பின் காணப்பட்டே இருக்கும் என்னும் நிலை இருத்தல் வேண்டும். வெளிச்சமுள்ள அறையிற் குடத்தைக் காணாதவன் குடமில்லை என்று கூறலாம். இருட்டறையில் நின்று அவ்வாறு கூறலாகாது. குறுகிய கயிறு இருட்டறை போன்றது. அடி இருந்தாலும் அதனைக் காட்டும் ஆற்றல் அக்கயிற்றிற்கு இல்லை.

19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இக்கிணற்றின் ஆழம் எண்ணாற் குறிக்கப்பட்டுவிட்டது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற், 1859 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில், புத்தூர்க் கிணறு 140 அடிக்கு மேற்பட்ட ஆழமுடையது என எழுதினார். சூழவுள்ள நிலம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 15 அடியே உயர்ந்தது என்றும், கிணற்று நீர் மேலே நன்னீராகவும், கீழே செல்லச் செல்ல உவராகவும், ஆழத்திற் கடும் உப்பாகவும் இருக்கின்றது என்றும் குறித்தார். 2016 இல் கடற்படையினர் படக்கருவி பொருத்திய பொறியை இறக்கி ஆராய்ந்தபோது ஆழம் ஏறத்தாழ 55 மீற்றர், அதாவது 180 அடியளவு, என்று செய்திகள் வெளிவந்தன. அடியில் பழைய மாட்டுவண்டிகள் கிடந்தனவாகவும் அச்செய்திகள் கூறின. ரெனன்றுக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் அடியில்லாக் கிணறு என்னும் பெயர் ஊரில் நிலைத்தே இருந்தது. எண் ஏட்டில் உறங்கியது. பெயர் நாவில் வாழ்ந்தது.

இரண்டாம் முடிபிற்கு வருவோம். நிலாவரையில் இட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் மிதந்ததென்று நம் பாட்டிமார் சொல்லக் கேளாதவர் குடாநாட்டில் யார்? இந்நம்பிக்கை பழையது. நிலத்தடி வழியொன்று வடமேற்கே ஏழு மைல் தொலைவிற் காங்கேசன்துறையை அடுத்த கரையில் ஊற்றெடுக்கின்றது என்பது ஊரார் அனைவரதும் நம்பிக்கை என ரெனன்றும் எழுதியுள்ளார்.

முதற்கண், பழம் போடப்பட்டதையும் பழம் வந்ததையும் நேரிற் கண்டு கூறுபவர் எவரும் நம்முன் இல்லை. கண்டவர் சொன்னதாகக் கேட்டவர் சொல்வதையே நாம் கேட்கின்றோம். மணிமேகலை இத்தகைய அறிவிற்கு ஐதிகம் எனப் பெயரிட்டு, இம்மரத்திற் பேயுண்டு என்று உலகோர் வழிவழிச் சொல்லிவருவதை உதாரணமாகக் காட்டுகின்றது. உதாரணத்தைத் தெரிந்தெடுத்த வகையிலேயே அவ்வளவையின் வலிமை எத்தகையது என்பது புலப்படும்.

எனினும், பழம் உண்மையிலேயே கீரிமலையிற் காணப்பட்டது என்றே கொள்வோம். அப்பொழுதேனும் முடிபு பெறப்படுமா? கீரிமலை எத்தகைய இடம்? நகுலேசுவரப் பெருமான் கோயிலை அண்டிய தீர்த்தம். ஆடி அமாவாசையிற் பிதிர்க்கடன் கழிப்போர் திரண்டு நீராடுந் துறை. எலுமிச்சம்பழம் பூசைக்கும் ஆவது, எண்ணெய் முழுக்கிற்கும் ஆவது. அத்துறையில் ஓர் எலுமிச்சம்பழம் மிதப்பதற்கு நிலாவரையிலிருந்து வழி வேண்டியதில்லை. படிக்கட்டு ஒன்றே போதும்.

ஏதுப்போலியுள் அநைகாந்திகம் என்பது ஒரு வகை. அதன் உட்பிரிவு சாதாரணம். முடிபு உள்ள இடத்திலும், முடிபு இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படும் ஏது முடிபை நாட்டாது என்பது அதன் பொருள். ஒலி நிலையற்றது, அறியப்படுதலான் என்று ஒருவன் கூறின், நிலையற்ற குடமும் அறியப்படுகின்றது, நிலைத்த ஆகாயமும் அறியப்படுகின்றது. ஆதலின் அறியப்படுதல் இரண்டில் ஒன்றையும் துணியாது. கீரிமலையில் எலுமிச்சம்பழமும் அத்தகையதே. வழி இருந்தாலும் அங்கே பழம் மிதக்கும், இல்லாவிட்டாலும் மிதக்கும்.

கௌதமரின் நியாய சூத்திரத்தில் இதனையொத்த வழக்கொன்று எழுப்பப்படுகின்றது. ஆறு பெருகக் கண்டவன் மலைப்புறத்தில் மழை பெய்தது எனக் கருதுகின்றான். கீழே அணை கட்டியமையாலும் ஆறு பெருகலாமன்றோ என்பது தடை. உரையாசிரியராகிய வாற்சியாயனர் இதற்குச் செவ்விய விடை கூறுகின்றார். வெறும் பெருக்கம் ஏதுவாகாது. நீரின் வேகம், நுரையின் மிகுதி, காயும் இலையும் கட்டையும் அடித்து வரப்படுதல் என்னும் சிறப்புக் குறிகளோடு கூடிய பெருக்கமே மழையை உணர்த்தும் என்கின்றார். பொதுக்குறி ஐயத்தைத் தரும். சிறப்புக்குறியே துணிவைத் தரும் என்பது இதன் சாரம்.

சிறப்புக்குறியைத் தேடிச் செய்த சோதனை எவ்வாறிருக்கும் என்பதை அறிய ஜேர்மனி தேசத்து நிகழ்ச்சியொன்று உதவும். அங்கும் சுண்ணாம்புக்கல் நிலத்தில் டான்யூப் ஆற்றின் நீர் ஓரிடத்தில் மண்ணுள் மறைகின்றது. ஏறத்தாழ 12 கிலோமீற்றர், அதாவது ஏழரை மைல், தொலைவிலே ஆக் என்னும் பெரிய ஊற்று பீறிடுகின்றது. இரண்டும் ஒரு நீரே என்று மக்கள் நம்பினர். 1877 இல் அடொல்ப் நொப் என்னும் அறிஞர் ஆற்றுநீர் மறையும் இடத்திற் பெருந்தொகை உப்பையும், எண்ணெயையும், ஒளிரும் பச்சைநிறச் சாயத்தையும் இட்டார். ஏறத்தாழ 60 மணி நேரத்தின் பின் ஊற்று நீர் பச்சை நிறம் பெற்றது; உப்பும் எண்ணெயும் உடன் வந்தன. தூரமும் நம்பிக்கையும் நம்முடையவற்றை எவ்வளவோ ஒத்திருக்கின்றன. வேறுபாடு ஏதுவில் உள்ளது. எலுமிச்சம்பழம் எவர் கையிலிருந்தும் விழும். அந்தப் பச்சைச் சாயம் வேறெங்கிருந்தும் வந்திருக்க முடியாது.

இங்கே எதிர்ப்பக்கத்துப் பிழையையும் கூறாது விடுதல் நடுவுநிலைமையன்று. பழக்கதை வலுவற்றது, ஆகவே நிலாவரைக்கும் கீரிமலைக்கும் தொடர்பில்லை என்று நகைப்போர் உளர். அதுவும் பெறப்படாத முடிபே. ஏது வீழ்ந்தால் நிறுவுதல் வீழும். முடிபின் பொய்ம்மை அதனால் நிலைபெறாது. தெல்லிப்பழையில் ஒரு கிணறு தோண்டியபோது 14 அடியிற் கல்லோடு உடைந்து, கீழே 33 அடிக்கு மேல் நீர் நிறைந்த குகை வெளிப்பட்டதை ரெனன்ற் எழுதியுள்ளார். இத்தகைய குகைகள் உள்ள நிலத்தில் நீண்ட புழைகள் இருத்தல் இயல்பே. நம் முன்னோர் கூறிய முடிபு உண்மையாகவும் இருக்கலாம். அவர் கூறிய காரணம் அதனை உண்மையாக்கவில்லை. நல்ல முடிபைத் தீய காரணத்தால் நம்புவோரும், தீய காரணத்தைக் கண்டு நல்ல முடிபைத் தள்ளுவோரும் ஒரே குழியில் இருபுறமிருந்து விழுகின்றனர்.

மூன்றாம் முடிபே நம் வாழ்வைத் தொடுவது. அயல்நிலங்களுக்கு நீர்பாய்ச்சும் நோக்குடன் புத்தூர்க் கிணற்றில் நீராவி இயந்திரம் ஒன்று நிறுவப்பட்டது. அவ்வியந்திரம் இறைத்தும் நீர்மட்டம் கண்ணுக்குத் தெரியும் அளவிற்குத் தாழவில்லை என்று ரெனன்ற் எழுதினார். கரையோரக் கிணறுகள் சில பல்லாண்டு வரட்சியிலும் குறையாதிருத்தலைக் கண்ட அவர், அவற்றின் நீர் பெரும்பாலும் கடலிலிருந்தே கசிந்து வருவது எனக் கருதலாம் என்றார். கடல்நீர் உப்பை இழப்பது எவ்வாறு என்னும் வினாவிற்கு, நுண்டுளைப் பொருள்கள் நீரிற் கரைந்தவற்றை ஓரளவு நீக்கும் என்று அக்காலத்தில் வெளியான ஆய்வொன்றைத் துணைக்கொண்டார்.

கடல் குறையாதது, கிணறும் குறையாதது, ஆகவே கிணற்று நீர் கடலிலிருந்து வருவது. கேட்பதற்கு இனிதாகவே இருக்கின்றது. ஆயினும் குறையாமை என்னும் தன்மையை வேறொரு காரணமும் தரக்கூடுமாயின் இவ்வனுமானம் தளரும். அவ்வேறு காரணத்தை ரெனன்ற் நூல் வெளிவருவதற்கு முன்பே சாள்ஸ் டார்வின் கூறியிருந்தார். அவர் 1836 இல் கீலிங் தீவுகளைக் கண்டு, கடற்பெருக்கோடு ஏறியிறங்கும் நன்னீர்க் கிணறுகளைப் பற்றி எழுதியவிடத்து, மணல் கடல்நீரை வடித்து உப்பை நீக்கும் என்னும் கருத்தை மறுத்தார். புழையுள்ள கல் கடற்பஞ்சு போல் உப்புநீரால் நிறைந்திருக்கின்றது. மழைநீர் அதன்மேல் இறங்கித் தன் அளவிற்கு உப்புநீரை விலக்கி நிற்கின்றது. கீழுள்ள உப்புநீர் ஏறியிறங்க, மேலுள்ள நன்னீரும் ஏறியிறங்குகின்றது என்பது அவர் விளக்கம்.

ரெனன்ற் இவ்விளக்கத்தை அறியாதவரல்லர். அதனைத் தம் நூலிலேயே எடுத்துக் குறித்துவிட்டு வேறுபட்டார். இருவர்க்கும் முன்னிருந்த செய்திகள் பெரும்பாலும் ஒன்றே, முடிபுகள் இரண்டு. இவற்றுள் எதனை ஏற்பது? ரெனன்று தாமே தந்த செய்தியில் விடை கிடக்கின்றது. மேலே நன்னீர், நடுவே உவர், ஆழத்திற் கடும் உப்பு. கடல்நீர் கல்லால் வடிக்கப்பட்டு நன்னீராகியே கிணற்றை அடையுமாயின், ஆழத்தில் உப்பு ஏன் தங்கியது? மழைநீர் உப்புநீரின்மேல் மிதக்கின்றது எனக் கொண்டாலோ அடுக்கு முறை தானே விளங்குகின்றது. செய்தியை ஒளியாது பதிந்த ரெனன்றின் நேர்மையே அவர் முடிபைத் திருத்தவும் உதவுகின்றது. வரலாறு எழுதுவோர்க்கு இதனினும் சிறந்த பாடம் இல்லை.

19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தராகிய கைபனும், 1901 இல் ஜேர்மானியராகிய ஹேர்ஸ்பேர்க்கும் இம்மிதப்பை எண்ணால் வரையறுத்தனர். நன்னீரின் அடர்த்தி 1.000 ஆயின் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. இவ்வேறுபாட்டால், கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிவரை அது இறங்கி நிற்கும். இதனை மறுபக்கம் திருப்பிப் பார்த்தல் வேண்டும். இறைப்பினால் நன்னீர் மட்டம் ஓர் அங்குலம் தாழ்ந்து, அத்தாழ்வு நிலைத்துவிடுமாயின், கீழிருந்து உப்புநீர் 40 அங்குலம் மேலெழும். ஓர் அங்குலத் தாழ்வு கண்ணுக்குத் தோன்றுமா? தோன்றாது. இயந்திரம் இறைத்தும் மட்டம் தாழவில்லை என்று மேலே நோக்கியிருந்தோர், மாற்றம் நிகழும் இடத்தை நோக்கினாரல்லர். மட்டம் தாழாமை வற்றாமைக்கு ஏதுவாகாது. அயலெங்கும் உள்ள புழைகளால் நீர் விரைந்து வந்து சேர்கின்றது என்பதையே அது காட்டும். வந்து சேரும் நீர் நன்னீரா உப்புநீரா என்பதை அது காட்டாது.

முதல் முடிபில் முன்னோர் கயிறு குறுகியிருந்தது. மூன்றாம் முடிபிற் கற்றவர் கண் குறுகியிருந்தது. இரண்டும் ஒரே வகைப் பிழை. அளக்கும் கருவி எட்டாத இடத்தைப் பற்றி, எட்டியதுபோலத் துணிந்தமையே அது.

இப்பிழை ஏட்டளவில் நின்றிருப்பின் இத்துணை விரிவாக எழுத வேண்டியதில்லை. 20 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் குடாநாட்டில் துலா மறைந்து நீர்ப்பம்பி பெருகியது. துலா மிதித்தவனுக்கு அவன் உடற்களைப்பே ஓர் எல்லையாக இருந்தது. பம்பிக்கு அவ்வெல்லை இல்லை. கிணறு வற்றாது என்னும் நம்பிக்கையோ பழையபடியே இருந்தது. மேலே நீர் நிறைந்து நிற்கக் கீழே உவர் ஏறி, நன்னீர்க் கிணறுகள் சில உவர்க் கிணறுகளாக மாறின. இன்னொரு பெறப்படா முடிபும் இதனோடு சேர்ந்துகொண்டது. நீர் தெளிந்திருக்கின்றது, சுவை மாறவில்லை, ஆகவே குடிப்பதற்கு நல்லது என்பது அது. தோட்டங்களுக்கு இடும் பசளையிலிருந்து நைத்திரேற்று இக்கல்லினூடே இறங்கி, கிணறுகள் பலவற்றில் உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமைக் கடந்துள்ளமை ஆய்வுகளால் அறியப்பட்டுள்ளது. நைத்திரேற்று நிறமும் மணமும் அற்றது. கண்ணும் நாவும் காணாமையால் இல்லை எனத் துணிதல், குறுகிய கயிற்றால் அடியில்லை எனத் துணிதலே யாகும்.

ஆகவே நிலாவரையைப் பற்றி நாம் கொள்ளத்தக்க முடிபுகள் சிலவே. அதற்கு அடி உண்டு. அதன் நன்னீர் வடகீழ்ப் பருவமழையின் கொடை. அது உப்புநீரின்மேல் மிதந்து நிற்பது. வழங்கும் மழையளவே அதன் வளத்தின் அளவு. கீரிமலையோடு அதற்கு நேர்வழி உண்டோ என்பதைச் சாயம் கூறலாம், எலுமிச்சம்பழம் கூறாது.

மாணவர் தேர்விலே, தரப்பட்ட கூற்றுகளிலிருந்து பின்வரும் முடிபு பெறப்படுமா என்னும் வினாவைக் காண்கின்றனர். ஆம் அல்லது இல்லை என விடையெழுதிப் புள்ளி பெறுகின்றனர். பின்னர் அவ்வினாவை மறந்துவிடுகின்றனர். அவ்வினா தேர்வு மண்டபத்திற்கு உரியதன்று. வீட்டுக் கிணற்றடியிலும், சந்தையிலும், சபையிலும் நாள்தோறும் கேட்கப்பட வேண்டியது. ஒருவர் ஒரு முடிபைக் கூறும்போது, நீர் கண்டது யாது, கண்டதிலிருந்து இது வருமா, வேறொன்றும் வரக்கூடுமா என்று முறையே மூன்று வினாக்களை வினவும் பழக்கம் நம்மிடம் வேரூன்றுதல் வேண்டும்.

நிலாவரைக்குச் செல்வோர் இன்றும் விளிம்பில் நின்று அந்நீல நீரை நோக்கி வியக்கின்றனர். வியத்தல் நன்றே, வியப்பிலிருந்தே வினா பிறக்கின்றது. ஆயின், அந்நீரின் மேற்பரப்பைக் கண்டு அதன் ஆழத்தைத் துணியாதிருத்தல் அறிவுடைமை. மழை குறைந்த ஆண்டொன்றில் இறைப்பைக் குறைத்து, அந்நீரைப் பின்வருவோர்க்கு நன்னீராகவே விட்டுச் செல்லுதல், அவ்வறிவின் பயன்.